மின்சார ஹைட்ரோஃபாயில் படகு: எகெரோவில் பறக்கிறது, எல்லாத் தண்ணீரிலும் பறக்குமா?

நீர்ச்சிறகு:

ஸ்வீடனில் ஸ்டாக்ஹோமின் 89-ஆம் எண் படகுத் தடத்தில் 2024 அக்டோபர் இறுதியில் கேண்டெலா நிறுவனத்தின் பி-12 மின்படகு ஓடத் தொடங்கியது. தண்ணீருக்குள் இருக்கும் சிறகு (ஹைட்ரோஃபாயில், சுருக்கமாக ஃபாயில்) வேகம் பிடித்ததும் படகின் உடலைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும்; அதைத்தான் பறப்பது என்கிறோம். புறநகரான எகெரோவிலிருந்து நகர மண்டபத் துறை வரை சுமார் 15 கி.மீ. டீசல் படகுக்கு 55 நிமிடம் பிடிக்கும் தூரம், இதற்கு ஏறக்குறைய 30 நிமிடம். 12 மீட்டர் நீளம், 4.5 மீட்டர் அகலம், 30 இருக்கை, 252 யூனிட் பேட்டரி. 25 நாட் வேகத்தில் 40 கடல் மைல் போகும் என்பது தயாரிப்பாளர் சொல்லும் எண். (ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி.)

பேட்டரியில் வேகமாக ஓட வேண்டிய படகுக்கு ஃபாயிலை விட்டால் வேறு வழியில்லை என்பது என் கட்சி. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முழுச் சுமையோடு 10 டன் என்று வையுங்கள். சாதாரண வேகப் படகு தண்ணீரின் மேல் வழுக்கி ஓடும்போது அதன் இழுவை (தண்ணீர் பின்னுக்கு இழுக்கும் விசை), எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு அருகில் இருக்கும். அதாவது 18 முதல் 20 கிலோநியூட்டன். 25 நாட் என்பது நொடிக்கு 12.9 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் சுமார் 230 கிலோவாட். மோட்டாரிலும் புரொப்பெல்லரிலும் போகும் இழப்பைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 350 எடுக்க வேண்டும். 252 யூனிட்டில் பாதுகாப்பாக எடுக்கக்கூடியது 200. அது 35 நிமிடம்கூடத் தாங்காது. தூரம் 14 கடல் மைல்தான்.

ஃபாயிலில் இதே 200 யூனிட்டில் 40 கடல் மைல் என்றால் 1.6 மணி நேர ஓட்டம், சராசரி 125 கிலோவாட். அதே விகித இழப்பைக் கழித்துப் பின்னோக்கிப் போனால் இழுவை 6.4 கிலோநியூட்டன், எடையில் பதினைந்தில் ஒரு பங்கு. நல்ல ஃபாயிலுக்கு இது நம்பக்கூடிய எண்தான், விளம்பரக் கணக்கு இல்லை. இழுவை ஏறக்குறைய மூன்றில் ஒன்றாக இறங்குகிறது. வழுக்கும் படகில் தூரம் போதவில்லை என்று பேட்டரியைப் பெரிதாக்கினால் எடை ஏறும், எடை ஏறினால் இழுவை ஏறும். அந்தச் சுழலிலிருந்து வெளியே வந்தது ஃபாயில்தான்.

அடிமரம்:

இயற்பியலில் எனக்குச் சண்டை இல்லை. நீங்கள் ஒப்பிட எடுத்துக்கொண்ட படகில்தான் சண்டை. பேட்டரிப் படகுக்கு 25 நாட் வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு ஃபாயில்தான் வழி என்கிறீர்கள். அந்த முதல் முடிவையே நான் கேட்கிறேன்.

கேரளாவில் வைக்கம்–தவணக்கடவு இடையே 2017 முதல் ஓடும் ஆதித்யாவை எடுங்கள். 75 பேர், இரட்டை உடல், கூரையில் சூரியத் தகடு, இரண்டு 20 கிலோவாட் மோட்டார், 50 யூனிட் பேட்டரி. இரண்டு மோட்டாரும் முழு மூச்சில் ஓடுவதாகவே வைத்துக்கொள்ளுங்கள் (அன்றாடம் அப்படி ஓடாது). 7 நாட்டில் 40 கிலோவாட் என்றால் ஒரு கடல் மைலுக்கு 5.7 யூனிட். 75 பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 0.076. உங்கள் பறக்கும் படகு கடல் மைலுக்கு 5 யூனிட், 30 பேருக்குப் பகிர்ந்தால் 0.167. ஆதித்யாவுக்குப் பாதகமாகக் கணக்குப் போட்டும் இரண்டு மடங்கு வித்தியாசம்.

மெல்லிய நீண்ட உடல் மெதுவாகப் போகும்போது தண்ணீர் அதை ஏறக்குறைய இலவசமாகத் தாங்குகிறது. மிதப்புக்கு மின்சாரம் வேண்டாம். ஃபாயிலில் பத்து டன்னைத் தூக்கி நிறுத்துவதற்கே ஒவ்வொரு நொடியும் விலை கொடுக்கிறீர்கள். அதனால் "குறைந்த மின்சாரம்" என்பது வேகப் படகோடு ஒப்பிட்டால் உண்மை. "படகுப் போக்குவரத்திலேயே குறைந்த மின்சாரம்" என்று எழுதினால் பிழை. இந்த இரண்டையும் பலர் கலந்துவிடுகிறார்கள்.

நீர்ச்சிறகு:

ஏற்கிறேன், அந்த வரியைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் பயணி மின்சாரத்துக்காகப் படகில் ஏறுவதில்லை, நேரத்துக்காக ஏறுகிறார். எகெரோ தூரத்தை 7 நாட் படகில் ஓட்டினால் ஒரு வழிக்கே 70 நிமிடம். அதற்குள் அவர் காரில் போய்விடுவார். காரில் ஒருவர் தனியாகப் போவதற்கு கி.மீ.க்கு 0.15 யூனிட்டுக்கு மேல் ஆகிறது, அதுவும் மின்காராக இருந்தால். பறக்கும் படகில் எல்லா இருக்கையும் நிரம்பினால் தலைக்கு கி.மீ.க்கு 0.09, பாதி நிரம்பினால் 0.18. நான் காரோடுதான் ஒப்பிடுகிறேன்.

இன்னொன்று ஆள் கூலி. ஸ்வீடனில் படகு ஓட்டும் செலவில் கூலி பெரிய பங்கு. 30 நிமிட ஓட்டம், துறையில் 10 நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு 80 நிமிடம். மெதுவான படகுக்கு 160. இருபது நிமிடத்துக்கு ஒரு படகு விட வேண்டுமானால் எனக்கு நான்கு படகு போதும், உங்களுக்கு எட்டு வேண்டும். எட்டு படகுக்கும் ஆள் வேண்டும்.

அடிமரம்:

இருக்கையையும் எண்ணுங்கள். உங்கள் நான்கு படகு மணிக்கு ஒரு திசையில் 90 பேரை ஏற்றும். 100 பேர் ஏறும் படகு எட்டு விட்டால் 300. அதே 90 பேருக்கு எனக்கு மூன்று படகே அதிகம். நீங்கள் விற்பது அடிக்கடி வரும் சின்னப் படகு, நான் சொல்வது அரிதாக வரும் பெரிய படகு. இரண்டுக்கும் இடம் உண்டு, ஆனால் கூலிக் கணக்கு உங்கள் பக்கம் அவ்வளவு சாய்வதில்லை.

இதையும் கவனியுங்கள்: 15 கி.மீ.யை 30 நிமிடத்தில் கடந்தால் சராசரி 16 நாட்தான். 25 நாட் படகு ஏன் 16 தருகிறது? துறையை விட்டு மெதுவாக வெளியேறுவது, எழும்புவது, இடையில் நின்று ஏற்றி இறக்குவது, மறுபடி எழும்புவது. நிறுத்தம் கூடக் கூட ஃபாயிலின் ஆதாயம் கரைந்துபோகும்.

மின்கலன்:

அந்த எழும்பும் கட்டத்துக்கு எவ்வளவு போகிறது என்று போட்டுப் பார்த்தேன். பத்து டன்னை 25 நாட்டுக்குக் கொண்டுவரத் தேவைப்படும் இயக்க ஆற்றல் 0.23 யூனிட். ஒரு மீட்டர் உயர்த்த 0.03 யூனிட். அற்பம். உண்மைச் செலவு இடையில் இருக்கிற அந்தத் திமில்தான்: படகு பாதி மிதந்து பாதி எழும்பி இருக்கும் வேகத்தில் இழுவை உச்சத்துக்குப் போகும். அங்கே 200 கிலோவாட்டுக்கு மேல் அரை நிமிடம் கொடுத்தால் ஒன்றரை முதல் இரண்டு யூனிட். ஆகவே இடைநிறுத்தம் மின்சாரத்தைத் தின்பதைவிட நேரத்தைத்தான் தின்கிறது. அடிமரம் சொன்ன முடிவு சரிதான்.

சார்ஜ் விஷயத்துக்கு வருகிறேன். கடல் மைலுக்கு 5 யூனிட், 8 கடல் மைல், எழும்பும் செலவு, இரண்டும் சேர்ந்து ஒரு வழிக்கு 45 யூனிட் என்று கொள்ளலாம். ஒரு சுற்றுக்கு 90. இதை ஒரு முனையில் மட்டும் நிரப்புவதானால் 120 கிலோவாட் சார்ஜரில் 45 நிமிடம் நிற்க வேண்டும், நீர்ச்சிறகின் பத்து நிமிடத் திருப்பம் அங்கேயே உடைகிறது. காலையில் முழுப் பேட்டரியோடு கிளம்பி இரண்டு சுற்று ஓடி, கூட்டம் குறைந்த முற்பகலில் ஒன்றரை மணி நேரம் நிறுத்தி நிரப்பி, மாலைக்கு மறுபடி இரண்டு சுற்று ஓடினால் சரியாக வரும். அலுவலக நேரத் தடத்துக்கு இது பொருந்தும், நாள் முழுக்க ஒரே சீராகக் கூட்டம் வரும் தடத்துக்குப் பொருந்தாது.

நல்ல செய்தி: 252 யூனிட் பேட்டரிக்கு 120 கிலோவாட் மென்மையான சார்ஜ்தான், ஒரு மணிக்குப் பாதிக் கொள்ளளவுகூட இல்லை. செல் சூடாகாது, ஆயுள் நீளும். ஸ்டாக்ஹோம் குளிரில் மட்டும் கவனம் வேண்டும். உறைநிலைக்குக் கீழே இருக்கும் செல்லில் வேகமாகச் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெடும். இரவில் கரை மின்சாரத்திலேயே பேட்டரியைச் சூடாக வைத்திருக்க வேண்டும்.

கெட்ட செய்தி எடை. மின்படகுச் சேவையான கொச்சி வாட்டர் மெட்ரோவில் லித்தியம் டைட்டனேட் பேட்டரி போட்டிருக்கிறார்கள். அது பத்துப் பதினைந்து நிமிடத்தில் நிரம்பும், தீப்பிடிக்கும் ஆபத்து குறைவு, பல ஆயிரம் சுற்று தாங்கும். ஆனால் ஒரு யூனிட்டுக்கு எடை, காரில் போடும் நிக்கல் வகை பேட்டரியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மிதக்கும் படகுக்கு அது பெரிய பாரமில்லை; கொஞ்சம் ஆழமாக அமரும், அவ்வளவுதான். ஃபாயில் படகில் ஒரு டன் கூடினால் எழும்பும் வேகம் 5 சதவீதம் ஏறும், தூக்குவிசையோடு வரும் இழுவை எடையின் வர்க்கமாக 21 சதவீதம் ஏறும். அதனால் ஃபாயிலைத் தேர்ந்தெடுத்த அன்றே பேட்டரி வகையையும் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். கேண்டெலாவின் சிறிய படகான சி-8, போல்ஸ்டார் மின்காரின் 69 யூனிட் பேட்டரியையே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் விலை மட்டுமில்லை, எடையும்தான்.

துறைமுகத்தான்:

நால்வரில் நான்தான் துறைப்பக்கம் பேசுகிறேன் போலிருக்கிறது. வரைபலகையில் எல்லாம் சரி. தினமும் காலையில் அந்த ஃபாயிலை யார் பார்ப்பது?

முதல் பிரச்சினை மேற்பரப்பு. ஃபாயில் ஒரு விமான இறக்கை மாதிரி. முன்விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் சிதைவு இருந்தால் அதற்குப் பின்னால் ஓட்டம் கலங்கிவிடும், இழுவை ஏறும். எகெரோ படகு ஓடும் மேலாரன் ஏரி நன்னீர், அங்கே பார்னக்கிள் எனும் கொட்டலசு கிடையாது. உப்பு நீரிலும் உவர்நீரிலும் ஒரு வாரம் ஃபாயிலைத் தண்ணீருக்குள் விட்டுவைத்தால் போதும், சொரசொரப்பு ஒட்டும். படகு உடலுக்கு அடிக்கும் பாசித்தடுப்பு வண்ணத்தை ஃபாயிலுக்குத் தடிமனாக அடிக்க முடியாது, அந்த வண்ணமே சொரசொரப்பு. ஆகவே நிற்கும் நேரமெல்லாம் ஃபாயில் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். அதற்குத்தான் தூக்கும் பொறி. அது இல்லாத ஃபாயில் படகைக் கடலோரத்துக்கு யாரும் வாங்கக் கூடாது.

தினசரி வேலை இப்படி இருக்க வேண்டும்: ஃபாயிலைத் தூக்கு, நன்னீரில் கழுவு, துணியால் துடை, விரலை முன்விளிம்பில் முழு நீளமும் ஓட்டு. நகம் சிக்கும் இடத்தில் சாக்கட்டியால் குறி. இழை தெரியாத சின்னக் கீறல் என்றால் எபாக்சிப் பூச்சு வைத்து இறுகவிட்டு 400, பிறகு 600 எண் உப்புத்தாளால் நீரோட்டத் திசையிலேயே தேய். கார்பன் இழை வெளியே தெரிந்தால் அன்று அந்தப் படகு ஓடக் கூடாது. தண்ணீர் உள்ளே போனால் அடுக்கு பிரியும், கண்ணுக்குத் தெரியாது. நாணயத்தால் தட்டிப் பார்த்தால் நல்ல இடம் கணீரென்று கேட்கும், பிரிந்த இடம் மந்தமாகக் கேட்கும். தட்டுவது முதல் சோதனைதான், தீர்ப்பு அல்ட்ராசவுண்டு கருவியில்.

இரண்டாவது, பலரும் மறக்கும் ஒன்று. கார்பன் இழை மின்வேதியியலில் பிளாட்டினத்தின் பக்கம் நிற்கும் பொருள். அதோடு அலுமினியம் தொட்டுக்கொண்டு உப்புநீரில் நின்றால் அலுமினியம் கரையும், வேகமாகவே. சிறகைப் படகோடு இணைக்கும் தூண் பொருந்தும் இடத்தில் கண்ணாடி இழை அடுக்கு ஒன்று நடுவே இருக்க வேண்டும், போல்ட் டைட்டானியமாகவோ நல்ல தரத் துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்க வேண்டும், ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் பிசின் அடைப்பு வேண்டும். வெள்ளைப் பொடி கசிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது, குப்பை. கயிறு, பிளாஸ்டிக் பை, களை. தண்ணீரில் நீட்டியிருக்கும் தூணும் சிறகும் சீப்பு மாதிரி வாரிக்கொள்ளும். ஒரு பை முன்விளிம்பில் தொங்கினால் அந்தப் பக்கம் தூக்குவிசை குறையும், கணினி ஈடுகட்டப் பார்க்கும், மோட்டார் சுமை ஏறும். ஓட்டுநர் அதைத் திரையில் மின்சாரச் செலவு கூடுவதாகத்தான் முதலில் காண்பார். இறங்கி, நின்று, பின்னோக்கி ஓட்டினால் பெரும்பாலும் விழுந்துவிடும். ஒரு பயணத்தில் இது மூன்று முறை நடந்தால் அரை மணி நேரச் சேவை என்ற பேச்சே இல்லை.

நீர்ச்சிறகு:

பராமரிப்பில் மறுபக்கத்தையும் சொல்லுங்கள் சார். டீசல் படகில் எண்ணெய் மாற்றம், எரிபொருள் வடிகட்டி, குளிர்நீர்ப் பம்பின் ரப்பர் சக்கரம், கியர் பெட்டி, தண்டு அடைப்பு, எல்லாமே வேலைதான். கேண்டெலாவின் சி-பாட் மோட்டார் தூணின் அடியில் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. எதிரெதிராகச் சுழலும் இரண்டு புரொப்பெல்லர், நேரடி இணைப்பு, கியர் பெட்டி இல்லை, சுற்றியுள்ள தண்ணீரே குளிர்விக்கிறது. எண்ணெய் மாற்றமே கிடையாது.

துறைமுகத்தான்:

சரிதான், அது பெரிய சுகம். ஆனால் தண்ணீருக்குள் இருக்கும் மோட்டாருக்கு எல்லாமே அடைப்பு வளையத்தில்தான் நிற்கிறது. மீன்பிடி நரம்பு ஒன்று தண்டில் சுற்றி அடைப்பை அறுத்தால் உள்ளே நீர் போகும். ஊர்ப் பட்டறையில் பிரிக்கக்கூடிய பொருள் இல்லை, பாட் முழுவதையும் கழற்றி மாற்றவேண்டும். ஆறு படகுக்கு ஒரு உபரி பாட் கையிருப்பில் இல்லாமல் சேவை தொடங்குவது தவறு. இன்சுலேஷன் எதிர்ப்பை வாரம் ஒருமுறை மெகர் எனும் மின்காப்புச் சோதனைக் கருவியில் அளந்து எழுதி வைத்தால், எண் சரியத் தொடங்கும்போதே பிடித்துவிடலாம். ஒரே ஒரு அளவைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, பத்து வார வரிசையைப் பார்த்தால் தெரியும்.

சார்ஜர் துப்பாக்கியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உப்புக் காற்றில் அதன் முனைகள் மங்கும், தொடுமின்தடை ஏறும், சூடாகும், உள்ளிருக்கும் வெப்ப உணரி மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். "சார்ஜர் மெதுவாகிவிட்டது" என்று புகார் வந்தால் முதலில் பேட்டரியைச் சந்தேகிக்காதீர்கள், முனையின் நிறத்தைப் பாருங்கள்.

அடிமரம்:

பாதுகாப்புக்கு யாரும் வரவில்லை, நான் வருகிறேன்.

ஃபாயில் படகு புதிதல்ல. இத்தாலியில் ஃபோர்லனினி 1906-லேயே மாஜோரே ஏரியில் ஓட்டினார். கிரகாம் பெல்லின் எச்.டி.-4 1919-இல் மணிக்கு 114 கி.மீ. தொட்டது. சோவியத்தின் ராகேத்தா 1957 முதல் வோல்காவில் மக்களை ஏற்றியது. போயிங் ஜெட்ஃபாயில் எழுபதுகளில் வந்தது, முழுக்க நீருக்குள் மூழ்கிய சிறகு, மின்னணுக் கட்டுப்பாடு, ஹாங்காங்–மக்காவ் தடம். ஆகவே "கணினி வந்துவிட்டது, இனிப் பிரச்சினை இல்லை" என்பது ஐம்பது வருடப் பழைய வாதம். பெரும்பாலான தடங்களில் ஜெட்ஃபாயிலின் இடத்தை அதிவேக இரட்டை உடல் படகுகள் பிடித்தன. பறக்கத் தெரியாததால் அல்ல, கட்டவும் பராமரிக்கவும் ஆன செலவால்.

மோதலை எடுங்கள். ஜப்பானில் 2006 ஏப்ரலில் டாப்பி 4 என்ற ஜெட்ஃபாயில் மிதந்த எதிலோ மோதி 100-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். படகு மூழ்கவில்லை. உள்ளே இருந்தவர்கள்தான் முன்னால் வீசப்பட்டார்கள். கொரிய நீரிணைத் தடத்தில் திமிங்கிலங்களோடு மோதல்கள் நடந்தபின் அவற்றை விரட்ட நீரடி ஒலிபெருக்கி பொருத்தினார்கள். பறக்கும் படகில் இருக்கைப் பட்டை சொகுசுக்கு இல்லை. நின்று பயணம் என்ற பேச்சே எடுக்கக் கூடாது. கொச்சிப் படகின் 100 பேர் என்ற கணக்கில் நிற்பவர்களும் உண்டு, இங்கே அது முடியாது.

மற்றொன்று வென்டிலேஷன். தூணின் ஒரு பக்கம் அழுத்தம் குறைந்தால் மேலே இருக்கும் காற்று அந்தத் தூண் வழியாகவே கீழே உறிஞ்சப்பட்டுச் சிறகின் மேல்பக்கத்தை மூடும். அந்தக் கணத்தில் தூக்குவிசை விழும், படகு தொப்பென்று இறங்கும். கூர்மையான திருப்பத்திலும், அலைப்பள்ளத்தில் சிறகு மேற்பரப்புக்கு நெருங்கும்போதும் நடக்கும்.

நீர்ச்சிறகு:

வென்டிலேஷனுக்கு மருந்து உண்டு. தூணில் கிடையாகச் சிறு வேலித் தகடு வைத்தால் காற்று இறங்குவது தடைபடும். திருப்பத்தில் படகு சைக்கிள் மாதிரி உள்பக்கம் சாய்ந்தால் தூணில் பக்கவிசை குறையும், அதையும் கணினியே செய்கிறது. கேவிடேஷன் (அழுத்தம் குறைந்து சிறகின் மேல் நீராவிக் குமிழ் உருவாவது) 40 நாட்டுக்கு மேல் வரும் தலைவலி, 25 நாட்டில் சரியாக வெட்டிய சிறகுக்கு அந்தப் பயம் கிடையாது.

ஜெட்ஃபாயிலோடு இன்றையதை ஒன்றாக வைப்பது நியாயமில்லை. அது வாயுச் சுழலி (கேஸ் டர்பைன்) எஞ்சினில் 45 நாட் ஓடியது. மோதல் ஆற்றல் வேகத்தின் வர்க்கம். 45-க்கும் 25-க்கும் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். புதிதாக வந்தவை மூன்று: மலிவான உயர உணரியும் சாய்வு உணரியும், லேசான கார்பன் உடல், எழும்பும் வேகத்திலேயே முழு முறுக்குவிசை தரும் மின்மோட்டார். அதனால்தான் 12 மீட்டர் படகிலேயே இது நடக்கிறது. பெல்ஃபாஸ்டில் ஆர்ட்டெமிஸ், நியூசிலாந்தில் வெஸ்ஸெவ் என்று ஒரே சமயத்தில் பலர் இறங்கியதற்கும் காரணம் இதுதான்.

யாரும் தொடாத ஒன்று அலை. ஸ்டாக்ஹோமில் அந்த நீர்வழியில் 12 நாட் வேக வரம்பு உண்டு. கரை அரிப்பும், கட்டிவைத்த படகுகள் மோதிக்கொள்வதும் காரணம். பி-12-க்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். பறக்கும்போது அது எழுப்பும் அலை அவ்வளவு சிறியது. அலையின் ஆற்றல் உயரத்தின் வர்க்கம். உயரம் மூன்றில் ஒன்றானால் கரையில் விழும் அடி ஒன்பதில் ஒன்று. எகெரோவில் நேரம் மிச்சமானதற்கு ஃபாயிலின் வேகத்தைவிட இந்த விலக்கே பெரிய காரணம் என்பேன். விலக்கு இல்லாத ஊரில் இதே படகு 12 நாட்டில் தவழும்.

அடிமரம்:

அதை மனமார ஒப்புக்கொள்கிறேன், அலைதான் ஃபாயிலின் மிக வலுவான வாதம். ஒரு எச்சரிக்கை மட்டும்: எழும்பும் கட்டத்தில் அது எழுப்பும் அலை சிறியதல்ல. எங்கே எழும்ப வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்பதைக் கடல் வரைபடத்திலேயே குறித்து, கரையோர வீடுகளிலிருந்தும் மிதவைத் துறைகளிலிருந்தும் தள்ளி வைக்கவேண்டும். விலக்கு கொடுக்கும் அதிகாரி இதையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

வேம்பநாடன்:

படித்துக்கொண்டே வந்தேன். ஒரு கேள்வி. கொச்சி வாட்டர் மெட்ரோவில் ஃபாயில் வந்தால் பயன் உண்டா? இன்னொன்று, நாகப்பட்டினம்–காங்கேசன்துறை?

மின்கலன்:

இரண்டாவதற்குச் சுருக்கமாக: அது சுமார் 60 கடல் மைல், இந்தப் படகின் எல்லை 40. நடுக்கடலில் சார்ஜர் கிடையாது. எல்லை கூடினாலும் பாக் நீரிணையில் விரித்திருக்கும் வலைகளுக்கு மேல் சிறகை நீட்டிக்கொண்டு இரவில் ஓட்டக் கூடாது. அவர்கள் வலையும் போகும், உங்கள் படகும் போகும்.

அடிமரம்:

கொச்சிக்கு என் பதில் இல்லை என்பதுதான். உயர்நீதிமன்றம்–வைப்பின் மாதிரித் தடம் எல்லாம் சில கி.மீ. எழும்பி நிமிர்வதற்குள் இறங்க வேண்டும். 25 நாட்டில் நிமிடத்துக்கு 770 மீட்டர் போகும் படகு, மொத்தத்தில் நான்கைந்து நிமிடம்கூடப் பறக்காது. வைட்டிலா–காக்கநாடு பக்கம் வாய்க்கால் குறுகல், எதிரே படகு வரும். மழைக்காலத்தில் ஆகாயத்தாமரை கூட்டமாக மிதந்து வரும். விலையும் பாருங்கள். பி-12-க்குச் சொல்லப்பட்ட விலை 17 லட்சம் யூரோ, இருக்கைக்கு 50 லட்சம் ரூபாய்க்கு மேல். கொச்சிக் கப்பல் கட்டும் தளம் கட்டிய 100 பேர் அலுமினியப் படகு சுமார் 7.6 கோடி, தலைக்கு 8 லட்சத்துக்கும் குறைவு. அலுமினியத்தில் ஓட்டை விழுந்தால் உள்ளூர் வெல்டர் அடைப்பார். கார்பனுக்கு அப்படி ஆள் கிடையாது.

நீர்ச்சிறகு:

கொச்சியின் உள்தடங்களுக்கு நானும் இல்லை என்றே சொல்வேன். ஃபாயில் கேட்பது: குறைந்தது எட்டுப் பத்து கி.மீ. தடையில்லாத ஓட்டம், நிறுத்தம் ஒன்றோ இரண்டோ, சிறகை இறக்கி மெதுவாகப் போகவும் போதிய ஆழம், கரையில் சுற்றிப் போகும் சாலை. மும்பை கேட்வே ஆஃப் இந்தியா துறையிலிருந்து எதிர்க்கரையில் இருக்கும் மாண்ட்வா அப்படிப்பட்ட தூரம். அங்கே மழைக்காலத்தில் பயணிப் படகுகளே நின்றுவிடுகின்றன. ஆகவே ஃபாயில் அங்கே எட்டு மாதச் சேவைதான் என்று கணக்கில் எழுதிவிட்டே தொடங்க வேண்டும்.

துறைமுகத்தான்:

மும்பையில் ஆழமும் தூரமும் சரி. எனக்குக் குப்பைதான் பயம். அதைப் பேசித் தீர்க்க வேண்டாம், அளந்துவிடலாம், செலவும் குறைவு. இப்போது அந்தத் தடத்தில் ஓடும் ஏதாவது ஒரு படகின் பக்கவாட்டில் செங்குத்தாக ஒரு 50 மி.மீ. எஃகுக் குழாயைக் கட்டுங்கள். கீழ்முனை தண்ணீருக்குள் ஒன்றரை மீட்டர் போக வேண்டும், அங்கே ஒரு மீட்டர் நீளக் கிடைக்கம்பி. படகு உடலோடு சேரும் இடத்தில் மரமுளை போட்டு இணையுங்கள், பெரிதாக ஏதாவது மோதினால் முளை முறிந்து குழாய் பின்னால் மடங்க வேண்டும், படகுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. மேலே பாதுகாப்புக் கயிறு. 8 நாட்டுக்கு மேல் போக வேண்டாம்.

ஒவ்வொரு பயண முடிவிலும் தூக்கிப் பார்த்து எழுதுங்கள்: என்ன சிக்கியது, எத்தனை, ஏற்றமா வற்றமா, மழை பெய்த மறுநாளா. மூன்று மாதம், அதில் மழை ஓய்ந்த முதல் மாதம் கட்டாயம். காலை மாலை இரண்டும் வேண்டும், ஏனென்றால் வற்றத்தில் வாய்க்கால்களிலிருந்து வெளியே வரும் குப்பை வேறு.

நீர்ச்சிறகு:

நல்ல வழி. எந்த எண்ணுக்கு மேல் போனால் கைவிடுவது? பத்துப் பயணத்தில் ஒரு சிக்கல் என்றால் ஓட்டலாம் என்பேன். பின்னோக்கி ஓட்டிக் கழற்ற மூன்று நிமிடம், கால அட்டவணை தாங்கும்.

அடிமரம்:

பத்தில் ஒன்று பைக்கும் களைக்கும் சரி. கயிறு என்றால் ஐம்பதில் ஒன்றே அதிகம், அது புரொப்பெல்லரைத் தேடிப் போகும், பின்னோக்கி ஓட்டினால் இன்னும் இறுகும். மரக்கட்டை என்றால் மரமுளை ஒரு தடவை முறிந்தாலே அந்தத் தடத்தை விட்டுவிட வேண்டும். மூன்றையும் ஒரே பத்தியில் எழுதாமல் தனித்தனியாக எண்ணச் சொல்லுங்கள்.

துறைமுகத்தான்:

தனித்தனியாகவே. கயிற்றுக்கு நீளமும் தடிமனும் சேர்த்து எழுத வேண்டும். 6 மி.மீ. நைலான் ஒன்று, பத்துப் பைகளைவிட மோசம்.